காத்திருப்போர் பட்டியலில் ஒரு தாய்மாமன்

1

இந்த மாதத்தோடு நான் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. கம்பெனி ஒரு சான்றிதழ் அனுப்பியது. அதில் தாமோதரன் என்ற என் பெயரைத் தப்பில்லாமல் அடித்திருந்தார்கள், அதற்கே கும்பிடு போட வேண்டும். ஆனால் கம்பெனியின் பெயர் தப்பு. நாங்கள் யாருடைய பெயரில் விமானம் ஓட்டுகிறோமோ அந்தப் பெரிய கம்பெனியின் பெயர் மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டவர் எங்கள் சின்னக் கம்பெனியின் ஆள். இதை எந்தச் சுவரில் மாட்டுவது, யாருக்கு நன்றி சொல்வது? இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் இருப்பது அமெரிக்காவின் நடுவில், நாலு பக்கமும் சோளக்காடு சூழ்ந்த ஒரு சின்ன ஊர். எங்கள் விமான நிலையம் ஊரப்பாக்கம் ரயில்வே ஸ்டேஷனைவிடச் சின்னது. கூட்டமும் அங்கேதான் அதிகம். ஐம்பது பேர் உட்காரும் விமானம் ஒன்று ஒரு நாளைக்கு நான்கு தடவை பெரிய நகரத்துக்குப் போய் வரும். விமானத்தின் உடம்பில் பெரிய கம்பெனியின் பெயர், வாலில் அதன் வண்ணம். கதவுக்குப் பக்கத்தில் உலகக் கூட்டணியின் முத்திரை. பல நாட்டு விமானக் கம்பெனிகள் கை கோத்துக்கொண்டு, ஒரே டிக்கெட்டில் உலகம் முழுக்கக் கொண்டுபோய் விடுகிறோம் என்று சொல்கிற கூட்டணி அது. ஓட்டுவது, கதவு திறப்பது, பெட்டி ஏற்றுவது, குளிர்காலத்தில் இறக்கையில் உறைந்த பனியைக் கரைப்பது எல்லாம் நாங்கள். எங்கள் பெயர் கதவோரத்தில், குனிந்து பார்த்தால் தெரிகிற எழுத்தில் இருக்கும். கூட்டணியின் ஏட்டில் எங்களை 'இணைப்பு நிறுவனம்' என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கூட்டம் போட்டால் எங்களுக்கு நாற்காலி கிடையாது.

போன வாரம் பனியில் ஒரு விமானம் ரத்தானது. ஒரு அம்மாள் என் மேசைமேல் கையால் அடித்து, "நான் உன்னிடம் டிக்கெட் வாங்கவில்லை, அந்தக் கம்பெனியிடம் வாங்கினேன், அவர்களைக் கூப்பிடு" என்றாள். கூப்பிட்டேன். அரை மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, "விமானத்தை இயக்குபவரைக் கேளுங்கள்" என்றார்கள். அம்மா, இயக்குபவன் நான்தான் என்றேன். அந்த அம்மாள் என் சட்டையில் இருந்த பெரிய கம்பெனியின் சின்னத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பொய் சொல்கிறான் என்று முடிவு செய்துகொண்டாள். எரிச்சலாக வந்தது. அவள்மேல் இல்லை. அவள் இடத்தில் நின்று நானும் மேசையை அடித்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

என் வேலை என்னவென்று ஒரே தடவையில் புரிந்துகொண்டவன் கோபி மட்டும்தான். சித்தப்பா மகன், என்னைவிட எட்டு வயது சின்னவன். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்கு வேன் ஓட்டுகிறான். சில வருடங்களுக்கு முன்னால் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே மடக்கினான்.

"இன்னாண்ணா, அப்ப நீ அட்டாச் வண்டியா?"

மாமல்லபுரத்து ஓட்டல்கள் சொந்தமாக வண்டி வைத்துக்கொள்வதில்லை. கோபி மாதிரி ஆட்களின் வண்டியைச் சேர்த்துக்கொள்வார்கள். வண்டி கோபியுடையது, டீசல் அவனுடையது, ரிப்பேர் அவனுடையது. கதவில் மட்டும் ஓட்டல் பெயர் போட்ட ஸ்டிக்கர், உடம்பில் ஓட்டல் கொடுத்த சட்டை. ஏ.சி. நின்றுபோனால் வெள்ளைக்காரர் ஓட்டலைத் திட்டுவார், ஓட்டல் மேனேஜர் கோபியைத் திட்டுவார். கோபிக்குத் திட்ட ஆள் இல்லாமல் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் குறுக்கே வருகிற மாட்டைத் திட்டுவான்.

"ஓட்டல் ஆளுங்க சாப்பிடுற கேன்டீன்ல உன்னை விடுவாங்களாடா?" என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குற! ஸ்டிக்கர் ஒட்டிக்கினு கேட்டுக்கு வெளிய நிக்கணும். துன்றதுக்கு நம்ம டிபன் பாக்ஸுதான்."

நான் சிரித்தேன். என் நிலைமையும் அதேதான் என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். வேறு யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. அதுதான் நான் செய்த கோளாறு. ஊரில் எல்லோருக்கும் நான் பெரிய கம்பெனியில் அதிகாரி, எனக்கு விமானம் இலவசம், நினைத்தால் ஏறி உட்காரலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் சொன்னபோது இல்லை என்றும் சொல்லவில்லை.

இலவசம் என்பது பாதி உண்மை. காலி சீட் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ஸ்டாண்ட்-பை. பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு வாசலில் நிற்க வேண்டும். காசு கொடுத்தவர்கள் ஏறிய பிறகு, பெரிய கம்பெனியின் ஊழியர்கள், அவர்கள் மனைவி மக்கள், அவர்களில் ஓய்வு பெற்றவர்கள், அப்புறம் ஏதாவது மிச்சம் இருந்தால் எங்களைப் போன்ற இணைப்புகள்.

3

என் தங்கை செல்விக்குக் கல்யாணமாகி வெகு நாள் கழித்துப் பிறந்தவள் யாழினி. குழந்தைக்குக் காது குத்த வேண்டும். சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வமான அம்மன் கோயில் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்குக் காது குத்தினாலும் அங்கேதான். தாய்மாமன் மணையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்மல் அவன் கொண்டுவர வேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயதில்தான் செய்வது.

ஒரு வயதில் தேதி வைத்தார்கள். என் கிரீன் கார்டு காகிதம் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். செல்வி தள்ளி வைத்தாள். மூன்று வயதில் தேதி வைத்தார்கள். பெரிய நகரத்து விமான நிலையத்தில் இரண்டு நாள் ஸ்டாண்ட்-பை நின்றேன். சீட் கிடைக்கவில்லை, லீவு முடிந்தது, சோளக்காட்டுக்கே திரும்பி வந்தேன். செல்வி மறுபடியும் தள்ளி வைத்தாள். கோபியை உட்கார வைத்து முடித்துவிடலாம் என்று அவள் மாமியார் சொன்னாராம். "எங்கண்ணன் இருக்கும்போது இன்னொருத்தன் எதுக்கு?" என்று சண்டை போட்டிருக்கிறாள். அதைக் கேட்டு எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

ஐந்து வயதுக்குத் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பத்திரிகை அடித்தாயிற்று. அதில் என் பெயருக்குக் கீழே பெரிய கம்பெனியின் பெயர் போட்டு, அதிகாரி என்று போட்டிருந்தார்கள். இதற்கு மேல் தள்ளினால் ஏழு வயது. பள்ளிக்கூடம் போகிற பெண் மூளிக் காதோடு திரிகிறாள் என்று கேலி ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது.

"இந்தத் தடவ டிக்கெட் வாங்கிடுங்க," என்றாள் என் மனைவி ரேவதி.

"விமானக் கம்பெனியில வேலை பார்க்கிறவன் காசு குடுத்து டிக்கெட் வாங்குவானா?" என்றேன்.

என் மகள் நிலா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். பதினாலு வயது. அவளுக்கு இங்கேதான், துணிக்கடை வளாகத்தில், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து இரண்டு நிமிடத்தில் காது குத்தினோம். மடியும் இல்லை, மாமனும் இல்லை.

"அப்பா, அந்த பேபி யார் மடியில உக்காந்தா என்ன? சேம் ஹோல்தானே?"

அவளோடு வாதாட என்னிடம் அந்த மொழியும் இல்லை, இந்த மொழியும் இல்லை. "உனக்குப் புரியாது" என்றேன். அவளுக்குப் புரியாமல் போனதற்கு யார் காரணம் என்று ரேவதி பார்வையாலேயே கேட்டாள்.

4

நான்கு நாள் முன்கூட்டி, திங்கட்கிழமை கிளம்பினேன். எங்கள் சொந்த விமானத்தில் பெரிய நகரம் வரை சுலபமாகப் போய்விட்டேன். விமானி எனக்குப் பழக்கம்.

அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பெரிய கம்பெனியின் விமானம். வாசலில் ஒரு திரை தொங்கும். காத்திருப்பவர்களின் பெயரில் முதல் மூன்று எழுத்து வரிசையாக அதில் வரும். திங்கள் மாலை நான் ஆறாவது ஆள். நிற்க நிற்க ஒன்பதாவது ஆனேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போனார்கள். ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் சுற்றுலாவுக்குப் போகிறார்களாம். வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன். வயிறு எரிந்தது. செவ்வாய்க்கிழமையும் அதே கதை. வாசலில் இருந்த பெண் என் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓ, நீங்கள் இணைப்பா?" என்றாள். பரிதாபமாகத்தான் கேட்டாள். இதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

செல்வி தினமும் கூப்பிட்டாள்.

"எங்கண்ணா கீற? ஏறிட்டியா?"

"இல்லம்மா. லோடு டைட்டா இருக்கு, சீட்டெல்லாம் ஃபுல். லிஸ்ட்ல ஒன்பதாவது."

"நேத்து ஆறுன்ன?"

அவளுக்கு இந்த மொழியெல்லாம் பழகிவிட்டது. லோடு, லிஸ்ட், ஸ்டாண்ட்-பை. எல்லாம் மூன்று வயதுத் தேதியின்போது என்னிடம் கற்றுக்கொண்டவை.

புதன்கிழமை சீட் கிடைத்தது. கழிவறைக்குப் பக்கத்தில், சாயாத சீட். கையில் பை, பைக்குள் வேட்டி சட்டை, சட்டைப் பையில் சின்ன டப்பாவில் கம்மல். பெரிய நகரத்தின் இந்தியக் கடைத்தெருவில் ரேவதி பார்த்துப் பார்த்து வாங்கியது, சிவப்புக் கல். நான் எல்லாத் தெய்வத்துக்கும் நன்றி சொன்னேன். ரொம்பச் சீக்கிரமாகச் சொல்லிவிட்டேன்.

5

வியாழன் காலை ஐரோப்பாவில் இறங்கினேன். ஊர் பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். அங்கிருந்து சென்னைக்குக் கூட்டணியைச் சேர்ந்த இன்னொரு கம்பெனியின் விமானம். அதிலும் ஸ்டாண்ட்-பை போகலாம் என்று பெரிய கம்பெனியின் பணியாளர் பயண மேசை எனக்குக் காகிதம் கொடுத்திருந்தது. விமானத்தில் இருபத்திரண்டு சீட் காலி. என் கண்ணால் திரையில் பார்த்தேன்.

மேசையில் இருந்த பெண் காகிதத்தைப் பார்த்தாள், கணினியைத் தட்டினாள், தலையை ஆட்டினாள்.

"உங்கள் கம்பெனி எங்கள் பட்டியலில் இல்லை."

"நாங்கள் கூட்டணியில் இருக்கிறோம். எங்கள் விமானக் கதவில் கூட்டணி முத்திரை இருக்கிறது. போன வாரம்கூட நானே துடைத்தேன்."

"முத்திரை பயணிகளுக்காக. ஊழியர் பயணம் கம்பெனிக்குக் கம்பெனி தனி ஒப்பந்தம். பெரிய கம்பெனியோடு எங்களுக்கு ஒப்பந்தம் உண்டு. உங்களோடு இல்லை."

"இந்தக் காகிதம் அவர்கள் கொடுத்ததுதானே?"

"அவர்கள் கொடுத்திருக்கக் கூடாது," என்றாள். குரலில் கோபமே இல்லை. நான் எங்கள் ஊரில் அந்த அம்மாளைப் போன்றவர்களிடம் பேசுகிற அதே குரல்.

பெரிய கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டு. பிறகு ஒரு ஆண் குரல், "இது உங்கள் சொந்தக் கம்பெனியைக் கேட்க வேண்டிய விஷயம்" என்றது. என் சொந்தக் கம்பெனிக்குப் போட்டேன். அங்கே அப்போது விடியவில்லை, அலுவலகம் திறக்க ஐந்து மணி நேரம் இருந்தது. பயணி ஒருவர் எங்கள் விமானத்தில் ஏறினால், கூட்டணியில் யார் வேண்டுமானாலும் அவரைத் தன் பயணி என்பார்கள். அவரை ஏற்றிவிட்ட என்னைத் தங்கள் ஆள் என்று சொல்ல மூன்று கம்பெனியில் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஊர் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நின்றுபோனால்கூட, கண்டக்டர் கீழே இறங்கிப் பின்னால் வருகிற பஸ்ஸை மறித்து, அதே டிக்கெட்டில் கடைசி ஆளையும் ஏற்றிவிட்டுத்தான் பீடி பற்ற வைப்பார்.

இருபத்திரண்டு காலி சீட்டோடு அந்த விமானம் என் கண் முன்னால் நகர்ந்து போனது. நான் மேசைமேல் கையால் அடித்தேன். அந்தப் பெண் காவலரைக் கூப்பிடவில்லை, தண்ணீர் கொடுத்தாள். வெட்கமாக இருந்தது. பிற்பகலில், கூட்டணிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வளைகுடாக் கம்பெனியில், முழு விலைக்கு டிக்கெட் வாங்கினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜன்னலோர சீட் வேண்டுமா என்று கேட்டார்கள்.

6

வெள்ளி காலை ஏழு ஐம்பதுக்குச் சென்னையில் இறங்கினேன். குடிநுழைவு வரிசை முடிந்து வெளியே வந்தபோது எட்டே முக்கால். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் காது குத்தியாக வேண்டும். கோபி கோயிலில் வேலையாக இருந்ததால் வாடகைக் கார் பிடித்தேன்.

"ஈ.சி.ஆர்ல போலாம்பா," என்றேன்.

"இன்னா சார் நீ, வெள்ளிக்கெழம பாண்டிச்சேரி போற கூட்டம் பூரா அங்கதான் கீது. செங்கல்பட்டு மேல போனா பறந்துடலாம்," என்றான் டிரைவர்.

பறந்தோம், ஊரப்பாக்கம் வரை. அங்கே ஒரு லாரி அச்சு முறிந்து நடு ரோட்டில் உட்கார்ந்திருந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர். எங்கள் தெரு திரும்புகிற முனையில் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, இந்த ஊரிலிருந்து எப்போதடா வெளியே போவோம் என்று பல்லைக் கடித்தேன். இருபது வயதிலும் அதே முனையில் நின்று அதையேதான் நினைத்தேன் என்று ஞாபகம் வந்தது. சிரிக்க முடியவில்லை.

ஒன்பதரைக்குச் செல்வி கூப்பிட்டாள். "செங்கல்பட்டு தாண்டிட்டியா?"

"இல்ல. கூடுவாஞ்சேரி."

மேளச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள். "காது குத்துற ஆசாரி அடுத்த எடத்துக்குப் போவணுமாம். நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு," என்றாள்.

வந்துகொண்டே இருக்கிறேன், கொஞ்சம் பொறு என்றேன். ஐந்து வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

7

கோயில் முன்னால் இறங்கியபோது பத்து இருபத்திரண்டு. ஓடினேன்.

மணையில் கோபி உட்கார்ந்திருந்தான். வேட்டி கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, தோளில் துண்டோடு. மடியில் யாழினி, பட்டுப்பாவாடையில், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். வலது காதில் கம்மல் ஏறிவிட்டது. ஆசாரி இடது காதுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா வந்துடுச்சு!" என்று செல்வி கத்தினாள். மேளம் நின்றது.

கோபி பதறி எழப் பார்த்தான். "வாண்ணா, வா. நீ ஒக்காரு. ஒரு காது உனக்குன்னுதான் பாக்கி கீது."

யாழினி இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "மாமா, போவாத!"

"தோ பாரு, யாரு வந்துகிறாங்க, அமெரிக்கா மாமா பாரு," என்றான் கோபி. அவள் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள். போனில் எத்தனை தடவை பார்த்த முகம்! மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மரியாதையாகவே சொன்னாள்.

"நீ அப்பறம் வா மாமா."

"சார், நேரமாவுது," என்றார் ஆசாரி. "யார் மடியா இருந்தாலும் சட்டுனு சொல்லுங்க."

நான் டப்பாவை வெளியே எடுத்தேன். செல்வி அதை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். குழந்தையின் வலது காதில் கோபி வாங்கிய கம்மல் இருந்தது. நான் வராமல் போனால் இருக்கட்டும் என்று, யாரிடமும் சொல்லாமல், சின்னதாக ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தானாம். ஒரு காதில் வெள்ளைக்கல், மறு காதில் சிவப்புக்கல் போட முடியுமா? டப்பா செல்வியின் இடுப்பு முடிச்சுக்குள் போனது.

"நீயே இருடா கோபி," என்றேன்.

கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தையின் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த வேலைக்கு ஒரு ஆள் தேவையாகத்தான் இருந்தது. ஊசி இறங்கியபோது அவள் விட்ட உதை என் நெஞ்சில் விழுந்தது. மேளம் கொட்டினார்கள், எல்லோரும் அரிசி போட்டார்கள். அதில் பாதி என் தலையிலும் விழுந்தது.

பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னேன். இருபத்திரண்டு காலி சீட்டு, காகிதம், பாட்டு, முத்திரை. என் கோபம் எனக்கே நியாயமாகப் பட்டது, இன்றைக்கும் படுகிறது. "அநியாயமாக் கீதே" என்று அவர்களும் தலையாட்டினார்கள். எதிரே கோபி யாழினியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். செல்வி சாம்பார் வாளியோடு வந்து என் இலை முன்னால் நின்றாள்.

"திரும்ப எப்பண்ணா?"

"ஞாயித்துக்கிழமை பார்க்கணும். ஐரோப்பா வரைக்கும் டிக்கெட், அங்கேர்ந்து லிஸ்ட்ல பேர் போட்டிருக்கேன். லோடு எப்படி இருக்குன்னு..."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அஞ்சு வருஷமா லிஸ்ட்ல நின்னுகினு இருந்தது நீ இல்லண்ணா. என் பொண்ணு. உனக்காவ ரெண்டு தபா தேதிய மாத்தினேன். கோபி தெனம் வூட்டாண்ட வரான், ஜொரம்னா அவன்தான் தூக்கிக்கினு ஓடுறான். அவன ஒக்கார வெக்காம உன் எடத்த காலியா வெச்சிகினு இருந்தேன். பத்து பதினஞ்சுக்கு ஆசாரி கேட்டாரு, யாரும்மா தாய்மாமன்னு. இவன்தான்னு சொல்லிட்டேன். இனிமே அந்த எடம் காலி இல்ல."

சொல்லிவிட்டு, என் இலையில் சோறு காய்ந்துகிடந்ததைப் பார்த்து, இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டுப் போனாள்.